தரை தொடாத கம்பி

காலைக் கொஞ்சம் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீங்க, அது சாமி பெட்டி. ரெண்டும்தான். மேல டயர் ரப்பரு அடிச்சிருக்கதப் பாத்துட்டு ஏதோ பட்டறைச் சாமான்னு நினைச்சிருப்பீங்க. பாக்குத எல்லாருக்கும் அப்படித்தான் தோணுது. கண்டக்டர் தம்பிகூட லக்கேஜ் போடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னான். ஆயுத பூஜைக்குப் போற பெட்டிப்பான்னு சொன்னேன், மூச்சு விடாம முன்னால போயிட்டான். சாமின்னா இன்னும் ஒரு பயம் இருக்கத்தான் செய்யுது.

நீங்க ஜன்னலோரமே இருங்க. எனக்கு இந்த ஓரம்தான் தோது. வலது முட்டி மடங்காது, காலை நடைபாதையில நீட்டிக்கிடணும். எங்க, நாகர்கோயிலுக்கா? நல்லதாப்போச்சு, நானும் அங்கதான். எண்டு-டு-எண்டு பஸ்ஸை விட்டுட்டு இதுல ஏறுனது இப்படி ஒரு பேச்சுத் துணை கிடைக்கத்தான் போல. தூங்குற ஆளு இல்லையே?

எம்பேரு சுயம்புலிங்கம். சுயம்பு மாஸ்டர்னு பாளையங்கோட்டையில பளு தூக்குற எந்தப் பயகிட்ட வேணாலும் கேளுங்க, சொல்லுவான். மாநில அளவுல மெடல் வாங்குன உடம்பு இது. இப்பப் பாத்தா தெரியாது, அது எனக்கும் தெரியும். பொம்பளப் பிள்ளையோ படிக்குத ஒரு காலேஜ்ல ஜிம் மாஸ்டரா இருக்கேன். அங்க வாலிபால் டீமு பேர்போன டீமு. அந்தப் பிள்ளையளுக்கு பலம் ஏத்திவிடுதது நம்ம பொறுப்பு.

இப்ப நான் சொல்லப்போறது போன வருசக் கதை. ஒருத்திமேல எனக்கு இருந்த கோவத்தைச் சொல்லுதேன். இருந்த கோவம். இப்ப இல்ல. அவ திருந்திட்டா.

பளு தூக்குறதப்பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? டிவியில பாத்திருப்பீங்க. அது போதும். கம்பி தரையில கெடக்கும். குனிஞ்சு, கையை அகல விரிச்சுப் பிடிச்சு, ஒரே இழுப்பு. கம்பி மேல வரும்போதே நம்ம அதுக்கு அடியில புகுந்து குத்தவச்சுரணும். கை ரெண்டும் தலைக்கு மேல. அப்புறம் அப்படியே எந்திரிச்சு நிக்கணும். இதுக்குப் பேரு ஸ்நாட்ச். தரையில தொடங்கி தலைக்கு மேல முடியும். நடுவுல எங்கயும் நிப்பாட்டக் கூடாது, இந்த பஸ்ஸு மாதிரி நாங்குநேரி வள்ளியூர்னு நின்னு நின்னு போறதுக்கு அதுல இடம் கிடையாது.

நான் பிள்ளையளுக்கு முதநாளே சொல்லிருவேன். ஏட்டி, தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் கம்பியத் தொடணும். அது பூமாதேவிகிட்ட கேட்டு வாங்குற பளு. நடு வழியில தூக்குனா அது களவு. இதுதான் எங்க மாஸ்டர் எனக்குச் சொன்னது, நான் இவளுவளுக்குச் சொல்லுதேன்.

நீங்க குத்தவச்சுக் காட்டுவீங்களான்னு கேக்கப்போறீங்க. முகத்துலயே தெரியுது. முடியாது. முட்டி ஆப்பரேசன் ஆனதுல இருந்து நான் குத்தவச்சதே இல்ல. வாயாலயே சொல்லிக்குடுப்பேன். வாய் மடங்கும்லா, அது போதும்.

டீமுல பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை. எல்லாரும் பேச்சின்னுதான் கூப்பிடுவோம். அப்படி ஒரு உசரம். கூட நிக்கிற பிள்ளையோ அவ தோளுக்குத்தான் வரும். காலு மட்டும் தனியா வளந்த மாதிரி இருக்கும். நல்ல பிள்ளை, சொன்னதச் செய்யும், எதுத்துப் பேசாது. அவளுக்குப் போன வருசம் கடைசி வருசம். ஒரு டிபார்ட்மெண்டு டீமுக்கு ஆள் எடுக்காங்கன்னு திருச்சியில செலக்சன் வச்சிருந்தாவ. அதுல தேறுனா கவர்மெண்டு வேலை, கூடவே விளையாட்டு. தேறாட்டா அவங்க அம்மை திருநெல்வேலியில ஒரு துணிக்கடையில சொல்லி வச்சாச்சு. கடைக்காரர் பிள்ளையப் பாத்த உடனே சரின்னுட்டாராம். ஏன் தெரியுமா? மேல்தட்டுல இருக்க சேலைய ஏணி போடாம எடுப்பாளாம்.

இத பேச்சி என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. பந்தடிக்கப் பொறந்த கையி, அதப் போயி சேலை அடுக்கச் சொன்னா எப்படி அண்ணாச்சி?

செலக்சன்ல குதிச்சுத் தொடணும். செவுத்துல குறி இருக்கும், நின்னு எம்பித் தொடணும். விரல் நுனியில சுண்ணாம்புப் பொடி பூசிக்கிட்டுத் தொட்டா அங்க வெள்ளையாப் பதியும். எங்க ஜிம்முப் பின்செவுத்துல அதே உசரத்துல நான் ஒரு கோடு போட்டு வச்சேன். பேச்சி குதிச்சா கோட்டுக்குக் கீழ மூணு விரக்கடை. என்ன எம்புனாலும் மூணு விரக்கடை. அந்த மூணு விரக்கடைதான் துணிக்கடைக்கும் அவளுக்கும் நடுவுல நின்னுச்சு.

இந்த நேரம் பாத்துத்தான் அவ வந்தா. ஜாஸ்லின். நாகர்கோயில்காரி. ஸ்ட்ரெங்த் கோச்சாம், புதுசா போட்டிருக்காவ. எங்கயோ வெளியூர்ல போயி இதுக்குன்னே படிச்ச பிள்ளை. ஆளு பாத்தா சின்ன உருவம், சத்தமாவே பேச மாட்டா. வந்து ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசல. ஓரமா நின்னு பிள்ளையளப் பாக்கா, என்னையப் பாக்கா, என் முட்டியப் பாக்கா. அப்பவே எனக்கு ஒரு சந்தேகம். பேசுற ஆளைச் சமாளிச்சுரலாம், பாக்குற ஆளைச் சமாளிக்க முடியாது.

ரெண்டு வாரம் கழிச்சு மெல்ல வந்து, "மாஸ்டர், ஒண்ணு சொல்லலாமா?"ன்னா.

"சொல்லுங்க டீச்சர்"ன்னேன்.

"இந்தப் பிள்ளைங்களுக்கு முழு ஸ்நாட்ச் வேண்டாம் மாஸ்டர். கம்பியத் தரையில இருந்து எடுக்க வேண்டாம். தொடைப் பக்கத்துல இருந்து வெடுக்குன்னு ஒரே வெட்டு. நெஞ்சு வரைக்கும் இழுத்துட்டு விட்டுரட்டும். அடியில போயிப் பிடிக்கவும் வேண்டாம்."

நான் சிரிச்சுட்டேன். "தரையில தொடங்க வேண்டாம், தலைக்கு மேல முடிக்க வேண்டாம். அப்ப நடுவுல என்னதான் டீச்சர் இருக்கு?"

"அந்த நடுவுதான் மாஸ்டர் இவங்களுக்கு வேணும்"ங்கா.

பேச்சியக் கூப்பிட்டு நிக்கவச்சா. "குதிக்கதுக்கு முன்ன எப்படி மடங்குவ, அப்படி நில்லு"ன்னா. அந்தப் பிள்ளை லேசா முட்டியை மடக்கி நின்னுச்சு. "பாத்தீங்களா மாஸ்டர். பந்தடிக்க யாரும் தரையில உக்காந்து எந்திரிக்கதில்ல. இவ்வளவுதான் மடங்குதா. இந்த இடத்துல இருந்து மேல போற வேகம்தான் குறையுது. இவ காலுக்குத் தரை வரைக்கும் குனிஞ்சா முதுகு வளையுது. அடியில போயிப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு. அந்த மணிக்கட்டுதான் மாஸ்டர் பந்தடிக்கணும். பளு தூக்குற பிள்ளைக்கு நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு சரி. இவ பந்தடிக்கிற பிள்ளை."

நல்லாத்தான் பேசுனா, நான் இல்லங்கல. ஆனா நானும் விடுவேனா? "டீச்சர், பாதிக் கோலம் போட்டா லட்சுமி பாதிதான் வருவா"ன்னேன்.

அவ பேச்சியப் போகச் சொல்லிட்டு, "சரி மாஸ்டர்"னு போயிட்டா. அன்னைக்கு சாயந்தரம் காலேஜ் விளையாட்டுக்கெல்லாம் பொறுப்பான பி.டி. சார்கிட்ட போனோம் ரெண்டு பேரும். அவரு என் சர்வீசுக்கு மரியாதை குடுத்து, செலக்சன் வரைக்கும் மாஸ்டர் சொல்லுதபடியே நடக்கட்டும்னுட்டாரு. அதுக்கும் அவ சரின்னா. அந்தப் பிள்ளை சரி சொன்னா நம்மதான் அண்ணாச்சி உஷாரா இருந்துக்கிடணும்.

நாங்குநேரி வந்துட்டா? டீ குடிக்கீங்களா? வேண்டாமா, சரி.

அப்புறம் தொடங்குனோம். சித்திரை வெயில்ல தொடங்குனது, புரட்டாசி வரைக்கும் தினமும் முழு ஸ்நாட்ச். பேச்சி எப்படித் தூக்குனாங்கீங்க? முதல்ல வெறுங்கம்பியத் தூக்கவே தடுமாறுன பிள்ளை, புரட்டாசியில தூக்குனதப் பாத்தா கண்ணு பட்டுரும். அடியில புகுந்து உக்காருவா பாருங்க, கொக்கு மடங்குன மாதிரி. என் காலத்துல ஆம்பளப் பயலுவ அப்படி உக்காந்ததில்ல. பி.டி. சாரைக் கூப்பிட்டுக் காட்டுனேன், போட்டா எடுத்தாரு. ஒரு பளு தூக்குற கோச் வந்து, இந்தப் பிள்ளைய எங்களுக்குத் தாங்கன்னே கேட்டாரு. ஜாஸ்லின் டீச்சர்கூட கைதட்டுனா. "பிரமாதம் மாஸ்டர்"னா. அவ வாயாலேயே சொல்ல வச்சேன்.

செவுத்துல குறியா? அது இருந்த இடத்துலதான் இருந்துச்சு. மூணு விரக்கடை.

அதுக்குக் காரணம் வேற அண்ணாச்சி. நான் நல்லா விசாரிச்சுப் பாத்துட்டேன். அந்தச் செவுத்துக்கு அடியில தரை பள்ளமாயிட்டு. இத்தனை வருசமா இத்தனை பிள்ளையோ அதே இடத்துல குதிச்சா மண்ணு எறங்காம என்ன செய்யும்? தரை எறங்குனா கோடு தானா ஒசந்துரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுத கணக்கு. நான் பேசாம ஒரு கூடை மண்ணு அள்ளிப் போட்டு, மிதிச்சுச் சமன் பண்ணிவிட்டேன். மறுநாள் பேச்சி குதிச்சா. வெள்ளைக் குறி கோட்டத் தொட்டுட்டு. எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

பேச்சி கீழ பாத்தா. செவுத்தப் பாத்தா. என்னையப் பாத்தா. போயி மம்பட்டியை எடுத்துட்டு வந்து, அந்த மண்ணை அவளே வாரி ஓரமாப் போட்டுட்டா.

"ஏட்டி, ஏன்?"ன்னேன்.

"திருச்சியில மண்ணு போட மாட்டாவ மாஸ்டர்"ன்னா.

அன்னைக்குத்தான் அவ மணிக்கட்டுல சுத்தியிருந்த துணியப் பாத்தேன். ரெண்டு கையிலயும் சுத்தியிருந்தா. எத்தனை நாளாச் சுத்தியிருந்தாளோ. ஆனா மாஸ்டரா இருக்கவன் கலங்குனா பிள்ளை கலங்கிரும். "வலி இருந்தாத்தான் பலம் வரும், போ"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்புறம்தான் ஆயுத பூஜை வந்துச்சு. கதையே அங்கதான் இருக்கு.

எங்க ஜிம்முல ஆயுத பூஜை பெருசாச் செய்வோம். ரெண்டு மரப்பெட்டி, இதே மாதிரிதான், இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வச்சு, அதுமேல கம்பியத் தூக்கி வச்சிருவோம், ரெண்டு பக்கத்து எடைச் சக்கரத்தோட. கம்பிக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பொரி, கடலை, சுண்டல். அன்னைக்கு யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில நான்தான் முதத் தூக்கு தூக்குவேன். சாமி இருந்த கம்பி தரையைத் தொடக் கூடாதுன்னு எங்க ஜிம்முல ஒரு முறை. அதனால பெட்டியில இருந்தே எடுத்து, ஒரே வெட்டா நெஞ்சுக்குக் கொண்டு வந்து, காட்டிட்டு, திரும்பப் பெட்டியிலயே வச்சிருவேன். அது என் முறை. முட்டி ஆப்பரேசன் ஆன வருசத்துல இருந்து அப்படித்தான் செஞ்சுட்டு வாறேன். அதுக்கு முன்னயா? அதுக்கு முன்ன தரையில இருந்துதான். அப்ப முறை வேற.

போன வருசமும் தூக்குனேன். இந்தக் கட்டைக்கு அன்னைக்கு மட்டும் எங்க இருந்துதான் வேகம் வருமோ. கம்பி சும்மா ஜிவ்வுன்னு ஏறுச்சு. வச்சுட்டுத் திரும்புனா ஜாஸ்லின் டீச்சர் கண்ணை அகல விரிச்சு நிக்கா. வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ, பூஜைக்கு வரமாட்டான்னு நினைச்சேன், பொரி தின்னுக்கிட்டு நிக்கா.

"மாஸ்டர், இந்த முறை யாரு சொல்லிக்குடுத்தது?"ன்னா.

"யாரு சொல்லிக்குடுக்கணும்? சாமி காரியம்"னேன்.

"ரொம்ப அழகா இருந்துச்சு மாஸ்டர். இடுப்பு எவ்வளவு வேகமா வருது. பிள்ளைங்க எல்லாம் நல்லாப் பாத்துக்கிட்டீங்களா?"ன்னா.

எதிரி வாயால புகழ் வாங்குதது லேசுப்பட்ட காரியமா? எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு. அப்பப் பேச்சி முன்னால வந்தா. "மாஸ்டர், நானும் ஒருதடவ சாமி தூக்கு தூக்கட்டா?"

பூஜையில ஒருத்தர் கேட்டா மறுக்கலாமா? சரின்னேன். பெட்டிமேல இருந்த கம்பி அவ தொடைக்குச் சரியா இருந்துச்சு. லேசா மடங்குனா, பந்துக்கு மடங்குதமாதிரி. ஒரே வெட்டு. அண்ணாச்சி, கம்பி தானாப் பறந்துச்சு. அவ காலு ரெண்டும் தரைய விட்டு எந்திரிச்சத என் கண்ணால பாத்தேன். அத்தனை மாசம் கூடவே இருந்து பாத்தவன் நான், அப்படி ஒரு வேகத்த அவகிட்ட பாத்ததே இல்ல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுட்டு. அம்மன் எறங்கிட்டா. வேற என்ன சொல்லுவீங்க?

அந்தப் பிள்ளையளும் டீச்சரும் ஓரமாப் போயி ஏதோ குசுகுசுன்னு பேசுனாவ. பக்தியப்பத்தித்தான் இருக்கும். செத்த நேரத்துல பேச்சி வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னா. "மாஸ்டர், ஒரு நேர்ச்சை போட்டிருக்கேன். செலக்சன் வரைக்கும் ஒரு மண்டலம், கம்பியத் தரையைத் தொட விடாம சாமி பெட்டியில இருந்தே தூக்குதேன்னு நேந்துக்கிட்டேன். நீங்க உத்தரவு குடுக்கணும்."

பின்னாலயே மத்த பிள்ளையளும், நாங்களும் மாஸ்டர், நாங்களும் மாஸ்டர்னு வந்துட்டாளுவ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு நேர்ச்சைன்னா என்னன்னு தெரியுதே, அது போதாதா. குலசை தசராவுக்கு வேசம் கட்டுதவன் விரதம் இருக்கான்லா, அதுமாதிரி இதுவும் ஒரு விரதம். உத்தரவு குடுத்துட்டேன். ஆனா ஒண்ணு சொன்னேன். நேர்ச்சைன்னா விளையாட்டு இல்ல. தப்புனா சாமிக் குத்தம். ஒரு நாளும் கம்பி தரையத் தொடக் கூடாது, நான் கூடவே நின்னு பாப்பேன்னேன்.

நின்னேனே. ஒருநாள் ஒரு பிள்ளை பழக்கதோசத்துல கம்பியத் தரையில வச்சு ஸ்நாட்ச் தூக்கப் போயிட்டா. நான் போட்ட சத்தத்துல ஆபீஸ் ரூம்ல இருந்து பி.டி. சாரே ஓடி வந்துட்டாரு. "ஏட்டி, உனக்கு என்ன திமிரு இருந்தா தரையில இருந்து தூக்குவ"ன்னு கேட்டேன். பி.டி. சார் என்னையே ஒருமாதிரியாப் பாத்துட்டுப் போனாரு. அவருக்கு எங்க தெரியும் நேர்ச்சையோட கட்டுப்பாடு.

எனக்கும் சந்தேகம் வராம இல்ல. பிள்ளையோ கம்பிய நெஞ்சு வரைக்கும் இழுத்துட்டு அப்படியே பெட்டிமேல விட்டுருதாளுவ. நானாவது நெஞ்சுல பிடிச்சுக் காட்டுதேன், இவளுவ பிடிக்கதே இல்ல. பேச்சியக் கூப்பிட்டு, "ஏட்டி, பிடிக்க வேண்டாமா?"ன்னு கேட்டேன். அவ டீச்சரைப் பாத்தா, டீச்சர் மேல ஓடுத ஃபேனப் பாத்தா. அப்புறம் பேச்சி சொல்லுதா, "சாமிக்குக் காட்டுனதத் திரும்ப நம்மளே பிடிச்சு வச்சுக்கிடலாமா மாஸ்டர்?"

எப்படிப் பதில் பாத்தீங்களா. எனக்கே தோணாமப் போச்சு. மாஸ்டர் நெஞ்சுல பிடிக்கலாம், மத்தவங்க கூடாது, அதுவும் ஒரு முறைதான்னு வச்சுக்கிட்டேன்.

அதைவிட அதிசயம், ஜாஸ்லின் டீச்சர் ஒருநாள் தவறாம நேர்ச்சைக்கு வந்து நின்னா. எந்தப் பிள்ளை எவ்வளவு பளு போடணும்னு அவதான் சொல்லுவா. ரெண்டு வாரம் ஏத்துவா, ஏத்துவா. அடுத்து கொஞ்ச நாள் எறக்கிருவா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். "டீச்சர், வளர்பிறைக்கு ஏத்தி தேய்பிறைக்கு எறக்குதீங்க போல"ன்னு கேட்டேன். கையில இருந்த கணக்கு நோட்ட மூடுனா. "ஆமா மாஸ்டர்"ன்னா. வேதக்காரப் பொண்ணு பிறை பாத்து நேர்ச்சை நடத்துதா அண்ணாச்சி. பெட்டிமேல கம்பி விழுந்து பூஜைச் சாமான் கெட்டுரக் கூடாதுன்னு பழைய டயர வெட்டி மேல அடிச்சதும் அவதான். சாமிக்கு மெத்தைன்னா. நம்ம ஆளுவளுக்கே இவ்வளவு பக்தி கிடையாது.

வள்ளியூரா இது? பேச்சுல நேரம் போனதே தெரியல.

மணிக்கட்டுத் துணி எப்ப அவிழ்ந்துச்சுன்னு நான் கவனிக்கல. ஒருநாள் பாக்கேன், துணி இல்ல. செவுத்துக் குறி? நேர்ச்சை நடக்கும்போது குதிச்சுப் பாக்கக் கூடாதுன்னு நான்தான் தடுத்து வச்சிருந்தேன். உண்மையைச் சொன்னா எனக்குப் பயம். அந்த மூணு விரக்கடைய இன்னொரு தடவை பாக்குத தெம்பு எனக்கு இல்ல.

திருச்சிக்கு மூணு பேரும் போனோம். பேச்சி, டீச்சர், நான். பெரிய ஹாலு. எங்கெங்க இருந்தெல்லாமோ பிள்ளையோ. எல்லாம் உசரம். எங்க பேச்சி அங்க நாலோட அஞ்சா நின்னா. அவ பேரக் கூப்பிட்டதும் நான் ஒரு தூணுக்குப் பின்னால போயிட்டேன். பயந்துக்கிட்டு இல்ல, காலை நீட்ட இடம் வேணும்லா. கண்ணை மூடிக்கிட்டேன். தாயே, இந்தப் பிள்ளைய ஏணிக்குப் பதிலா நிக்கவச்சுராதன்னு வேண்டிக்கிட்டேன். வேற ஒண்ணும் வாயில வரல.

செவுத்துல கை படுத சத்தம் கேட்டுச்சு. கண்ணத் தெறந்து பாக்கேன், ஆபீசர் ஸ்டூலு போட்டு ஏறி நின்னு குறியப் பாக்காரு. கோட்டுக்கு மேல, அண்ணாச்சி. கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை வெள்ளையாப் பதிஞ்சிருந்துச்சு. மண்ணு கிண்ணு ஒண்ணும் போடாத தரையில.

பேச்சி ஓடிப்போயி டீச்சரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டா. ரெண்டும் அழுதுச்சுக. டீச்சர் பக்கத்துல நின்னா, அதனால அவளப் பிடிச்சுக்கிட்டா. நான் தூணுக்குப் பின்னாலயிருந்தா என்னைய எப்படித் தெரியும்? அப்புறம் தேடி வந்தா. கால்ல விழ வாறான்னு நினைச்சேன். குனிஞ்சவ பாதி வழியிலேயே நின்னுட்டா. என் வலது முட்டிய ரெண்டு கையாலயும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. உசரமான பிள்ளை, பாதம் வரைக்கும் குனியச் சோம்பல் போல.

அப்ப ஒண்ணு சொன்னா. "இந்த முட்டி மட்டும் மடங்கியிருந்தா நான் துணிக்கடையில நின்னுருப்பேன் மாஸ்டர்"ன்னா.

சந்தோசத்துல பிள்ளையோ என்னத்தையாவது ஒளறும். என் முட்டிக்கும் அவ குதிச்சதுக்கும் என்ன சம்பந்தம்? ஆறு மாசம் நான் போட்ட முழு ஸ்நாட்ச், அது அஸ்திவாரம். மேல அம்மன் கட்டி முடிச்சா. டீச்சரும் கூட நின்னா, அதையும் நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் அவ சொன்னது எனக்குள்ளயே கெடக்கு அண்ணாச்சி. முட்டி வலிக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருது. முன்ன வலிச்சா எரிச்சலா வரும். இப்ப அப்படி இல்ல.

பேச்சி இப்ப மெட்ராஸ்ல இருக்கா. முதச் சம்பளத்துல எனக்கு வேட்டி எடுத்து அனுப்புனா. அவங்க அம்மைக்குச் சேலை, அதே துணிக்கடையில, மேல்தட்டுல இருந்து. கடைக்காரர் ஏணி போட்டு எடுத்துக் குடுத்தாராம்.

டீச்சர் நாகர்கோயில்லயே ஒரு காலேஜ்ல வேலை கிடைச்சுப் போயிட்டா. போன வாரம் போன் பண்ணுனா. "மாஸ்டர், இங்க பிள்ளைங்களுக்கு சாமி பெட்டி இல்ல. நம்ம ஆசாரிகிட்ட சொல்லி ரெண்டு செஞ்சு குடுப்பீங்களா"ன்னா. அளவு சொன்னா பாருங்க, பெட்டிமேல வச்ச கம்பி பிள்ளையோ முட்டிக்கு மேல நாலு விரக்கடை வரணுமாம், கட்டையா இருக்குத பிள்ளையளுக்குன்னு உசரத்தக் கொறைக்க வசதி வேணுமாம். பூஜைப் பெட்டிக்கு எதுக்கு அண்ணாச்சி முட்டி அளவு? பக்தி முத்திப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பாதி பாதின்னு வந்த பொண்ணு, இன்னைக்குச் சொந்த ஊருலயும் போயி ஆயுத பூஜைய நடத்துதா. நான் திருத்துன ஆளு அது. அவ கையில நானே கொண்டு போயிக் குடுக்கணும்னுதான் புறப்பட்டுட்டேன்.

எங்க ஜிம்முலயா? அங்க இன்னும் நேர்ச்சைதான் ஓடுது. முழு ஸ்நாட்ச் முழு ஸ்நாட்ச்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. இந்த நேர்ச்சை முடியட்டும், தரையில இருந்து தொடங்குவோம்னு பிள்ளையளுக்குச் சொல்லித்தான் வச்சிருக்கேன். ஒரு மண்டலம் முடியுததுக்குள்ள இன்னொருத்தி நேந்துக்கிட்டு வந்து நிக்கா. நான் என்ன செய்ய.

காத்து அடிக்குது பாருங்க, ஆரல்வாய்மொழி. காத்தாடி எல்லாம் எப்படிச் சுத்துது. இனி ஊரு வந்துரும்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுதான நீங்களும்? அங்க எறங்கையில ஒரு ஒத்தாசை பண்ணுங்க அண்ணாச்சி. பெட்டியச் சுமந்து குடுக்க வேண்டாம், அது நானே தூக்கிருவேன். மாநில மெடல் வாங்குன உடம்பு. நீங்க ரெண்டையும் எடுத்து இந்தச் சீட்டு மேல வச்சா மட்டும் போதும். தரையில வச்சுராதீங்க, தரையில இருந்து என்னால எடுக்க முடியாது. சீட்டு உசரத்துல இருந்தா ஒரே வெட்டுல தூக்கிருவேன்.